கொலுவுக்கு மேலே தலைகீழாக ஒரு ஜெட்

சரஸ்வதி பூஜை அன்று மாலை ஆறு முப்பத்திரண்டுக்கு எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. நேரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறரைக்கு வானொலியில் மாநிலச் செய்தி. தலைப்புகள் முடிந்து, ஓர் அமைச்சர் எதையோ திறந்துவைத்தது முடிந்து, அடுத்ததாக அது வந்தது. விமானப்படையின் வான்சாகசக் குழுவைச் சேர்ந்த ஜெட் ஒன்று அன்று பிற்பகல் பயிற்சியின்போது விழுந்து நொறுங்கிவிட்டது. விமானியின் நிலை பற்றித் தகவல் இல்லை. அவ்வளவுதான். அதே குரல் அதே வேகத்தில் ஏரிகளின் நீர்மட்டத்துக்குப் போய்விட்டது.

அந்தக் குழுவில் ஒன்பது பேர். ஒருவர் என் சித்தப்பா.

அம்மா அடுக்களையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குக் குங்குமச் சிமிழை நீட்டத் தயாராகக் கூடத்தில் நின்றிருந்தேன். ஏழு படி கொலு. அதற்கு மேலே, ஊஞ்சல் மாட்டுகிற கொக்கியிலிருந்து தூண்டில் நரம்பில் ஒரு பொம்மை ஜெட் தொங்கிக்கொண்டிருந்தது, தலைகீழாக. அதன் காக்பிட்டில் என் சுண்டுவிரல் உயரத்தில், மீசையோடு, தலை கீழே கால் மேலே, சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா வானொலியை அணைத்துவிட்டு அந்த ஜெட்டைத்தான் பார்த்தார்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் மகள் முதல்முறையாகத் தனியாக ரயிலில் கோயம்புத்தூர் போனாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டுகிற செயலியை அவள் போனில் போட்டுவிட்டது நான்தான். ஜோலார்பேட்டை தாண்டி ஏதோ ஒரு வெட்டவெளியில் அந்த நீலப் புள்ளி நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறது. அவள் நலமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். அந்தச் செயலி விடாமல் ஓடியதில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். "நீ போட்டதுதாம்மா எல்லாத்தையும் குடிச்சிடுச்சு" என்று சிரித்தாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அடையாறில் இந்தப் பால்கனியில் உட்கார்ந்து எழுதும்போதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்தப் புள்ளி நின்ற மாலை முழுக்க நான் போய்ப் போய் கேஸ் குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். அடுப்பே ஏற்றவில்லை. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ குமிழில் கை வைத்தபோது, இது என் கை இல்லை, அப்பாவுடைய கை என்று தோன்றியது.

உங்களில் பலர் என் வயது, அல்லது ஒன்றிரண்டு கூடக்குறைய. நம் அப்பாக்கள் பயப்பட மாட்டார்கள் என்று நாம் நம்பி வளர்ந்தோம். என் வீட்டில் அந்த நம்பிக்கைக்கு வழியே இல்லை. அப்பா ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், விபத்து நஷ்டஈட்டுப் பிரிவில் இருந்தார். ஊரில் எது எப்படியெல்லாம் விழும், எரியும், மோதும் என்று படிப்பதே அவர் வேலை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷன் எங்களுடையது. வெளியே கிளம்பினால் பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போவார். திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அம்மா தெருமுனையிலேயே நின்று பூக்காரியிடம் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவருடைய தம்பி வானத்தில் குட்டிக்கரணம் போடுகிறவர். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைச் சைக்கிளில் முன்னால் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதிலிருந்து எல்லாம் அப்பாதான். விமானப்படைக்குப் போகிறேன் என்றபோதும் அப்பா மறுக்கவில்லை. மறுக்கத் தெரியாது அவருக்கு. பயப்பட மட்டும்தான் தெரியும்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அந்தக் குழு சென்னைக்கு வந்து கடற்கரைக்கு மேலே பறந்தது. ஊரே மணலில் நின்று அண்ணாந்து பார்த்தது. அப்பா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் செருப்புகளைக் காவல் காப்பவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

"இப்ப எப்படிடி போயிண்டிருக்கான்?"

"தலைகீழா போறார்ப்பா."

"நேரா ஆனதும் சொல்லு."

நேரானதும் சொன்னேன். உடனே அவர் மறுபடி தலைகீழானார். அதைச் சொல்லவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த சித்தப்பா, தான் பயிற்சிக்குப் போன வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ஒரு பெட்டியை அப்பா முன்னால் வைத்தார். பெட்டியின் மேல் சிவப்பு ஜெட் ஒன்று வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு பறந்தது. உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில், ஒட்டிச் சேர்க்க வேண்டிய நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள், முந்திரிப் பருப்பு அளவிலிருந்து கடுகு அளவு வரை.

"வெளிலேர்ந்து பாக்கறதாலதான் உனக்கு பயம்ணா. உள்ள உக்காந்தா ஒண்ணுமே இல்ல. இதோட காக்பிட்ட ஒழுங்கா பண்ணு. றெக்கையெல்லாம் எப்படி வேணா ஒட்டிக்கோ."

"நீ ஓட்டறது இதுதானா?"

"எங்களோடதுல ரெண்டு சீட்டும் பக்கத்து பக்கத்துல. இதுல முன்னும் பின்னும். மத்தபடி உக்காந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"பின்னால யாரு உக்காருவா?"

"டிஸ்ப்ளேன்னா யாரும் இல்ல. தனியாத்தான்."

அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலிச் சீட்டை அவர் பல மாதங்கள் மறக்கவில்லை.

பிறகு சித்தப்பா ஒரு முள்கரண்டியையும் ஸ்பூனையும் வைத்துக்கொண்டு சீட்டைப் பற்றி விளக்கினார். ஸ்பூன்தான் சீட்டு. அதன் அடியில் ராக்கெட். ஏதாவது ஆகிவிட்டால், முழங்காலுக்கு நடுவில் இருக்கும் மஞ்சள் கறுப்பு வளையத்தை இழுக்க வேண்டும். முதலில் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடி, அதில் ஓடுகிற ஒரு மெல்லிய வெடிக்கயிற்றால் தூள் தூளாகும். அடுத்த நொடி சீட்டு ஆளோடு வெளியே பாயும்.

"தரையில நிக்கறச்ச யாராவது தெரியாம இழுத்துட்டா?" அப்பா கேட்பார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அதுக்குத்தான் ஊசி. சிவப்பு வால் வச்ச ஊசி சொருகியிருக்கும். அது இருக்கற வரைக்கும் சீட்டு அசையாது. ஏறி உக்காந்து, பெல்ட்டெல்லாம் போட்டுண்டு, கடைசியா ஊசிய எடுத்துக் கீழ நிக்கற மெக்கானிக் கிட்ட தூக்கிக் காட்டிட்டு பக்கத்துல மாட்டிக்கணும். எறங்கினதும் மொத வேலை, திரும்ப ஊசியப் போடறது."

"எடுக்காமயே பறந்துட்டா?"

"பறக்கலாம். என்ன, வெளிய வர முடியாது. அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' சொன்ன அலட்சியத்துக்காக அம்மா அவருக்கு இரண்டாம் தரம் ரசம் ஊற்றவில்லை.

கோடை தொடங்கி நவராத்திரி வரை ஜன்னலோர மேஜை அப்பாவுடையது. மற்றவர்கள் ஜெட் பொம்மை செய்தால் றெக்கையும் வாலும் பளபளக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். அப்பா றெக்கைகளைக் கடைசியில் ஏனோதானோவென்று ஒட்டியதோடு சரி. தீப்பெட்டி அளவு காக்பிட்டுக்குள்ளேயே குடியிருந்தார். டயல்கள் நிறைந்த முன்பலகை என் இரண்டு கட்டைவிரல் நகங்களைச் சேர்த்து வைத்த அளவு. முதலில் அதை முழுக்கக் கறுப்பாக்கினார். பிறகு தூரிகையை வெள்ளையில் தோய்த்து, பழைய பேப்பரில் தேய்த்துத் தேய்த்து, இனி சாயமே இல்லை என்று தோன்றும் வரை துடைத்துவிட்டு, வெறும் தூரிகையால் வருடுவதுபோல வருடினார். மேடாக இருந்த கோடுகளில் மட்டும் வெள்ளை ஏறி, எங்கிருந்தோ முட்களும் எண்களும் மேலே வந்தன. நான் கத்திவிட்டேன். ஒவ்வொரு டயலின் மேலும் குண்டூசி முனையால் ஒரு சொட்டு வெள்ளைப் பசை. காய்ந்ததும் அது கண்ணாடி.

சீட்டு பெல்ட்டுகள் மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டிலிருந்து. பக்கிள்கள் ஃபியூஸ் கம்பியிலிருந்து. பிராணவாயுக் குழாய்க்கு என் வீணையில் அறுந்துபோன தந்தி: அதன்மேல் பழைய ரேடியோவின் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியதும் வரிவரியாக அசல் ரப்பர் குழாய்போலவே ஆகிவிட்டது. சாம்பல் சாயம் கிடைக்காமல் தி.நகர் வரை போய், சரியான சாம்பல் எது என்று ஒரு கடைக்காரருடைய பொறுமையைச் சோதித்து, கடைசியில் வீட்டிலேயே கறுப்பும் வெள்ளையும் கலந்துகொண்டார். பின்சீட்டில் ஆள் இல்லாததால் அதன் பெல்ட்டுகளைக் குறுக்கே இழுத்துக் கட்டிவைத்தார். அவிழ்ந்து ஆடினால் ஏதாவது கட்டுப்பாட்டில் சிக்கிக்கொள்ளுமாம். அதை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். பிறகொரு நாள் சித்தப்பாவிடம் கேட்டபோது, உண்மையிலேயே அப்படித்தான் கட்டுவார்கள் என்றார்.

விமானியின் முகத்தில் பிராணவாயு முகமூடி இருந்தது. அப்பா அதைப் பிளேடால் செதுக்கி எடுத்துவிட்டு மீசை வரைந்தார். குழாய் எதிலும் சேராமல் மார்பில் தொங்கியது.

"மூச்சு எப்படிப்பா விடுவார்?" என்றேன்.

"மீசை இல்லேன்னா அவன்னு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

"ஏன்னா, ஆபீஸ் போற மனுஷன் பொம்மைக்கு மீசை வரைஞ்சுண்டிருக்கேளே" என்பாள் அம்மா.

"நீ நாப்பது பொம்மை வச்சுண்டு வருஷா வருஷம் குளிப்பாட்டறியே, அதுக்கு நான் ஏதாவது சொன்னேனா?"

கடைசியாக ஊசி. ஃபியூஸ் கம்பியின் ஒரு நூலைத் துண்டித்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றின் சிவப்பு ஓரத்திலிருந்து அரை அரிசி அளவு வால் வெட்டி ஒட்டி, இடுக்கியால் பிடித்துச் சீட்டின் தலைமாட்டில் ஒன்று, முழங்கால் வளையத்தில் ஒன்று சொருகினார். நான் மேஜைக்கு எதிரே முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது பறக்கற ப்ளேன்தானே? ஊசிய எடுக்கணுமே. சித்தப்பா சொன்னாரே."

"தெரியும்டி."

"அப்புறம்?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க அவன் எடுத்துக்கட்டும். நம்மாத்துல இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

கண்ணாடி மூடியைப் பசை வைத்து ஒட்டி மூடிவிட்டார். மூடியில் வெடிக்கயிற்றை வெள்ளைச் சாயத்தில் ஒரு மயிரிழைபோல வரைந்திருந்தார். எதையும் விட்டுவைக்கவில்லை. மீசையை விட்டால், அந்த ஊசி மட்டும்தான் தெரிந்தே செய்த தப்பு.

கொலுவில் வைப்பது என்று முடிவானபோது, ஓடுதளத்தில் நிறுத்தினால் போதும் என்றாள் அம்மா. கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைவிட்டிருந்த பூங்காவில் தார் ரோடுபோல ஒரு கறுப்பு அட்டையும் வைத்தாயிற்று. ஆனால் அப்பா தொங்கத்தான் விடுவேன் என்றார், அதுவும் தலைகீழாக. கடற்கரையில் தான் பார்க்காததை வீட்டுக்குள் பார்த்துப் பழகிக்கொள்ள நினைத்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

"ஆத்துப் பிள்ளைய யாராவது தலைகீழாத் தொங்கவிடுவாளா? அதுவும் நவராத்திரியும் அதுவுமா?"

"அவன் வேலையே அதானேடி."

ஒன்பது நாளும் வந்தவர்களெல்லாம் பொம்மைகளைப் பார்க்குமுன் மேலே பார்த்தார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "மாமா, ஏரோப்ளேன தலைகீழா மாட்டிட்டேளே!" அப்பா ஒவ்வொரு முறையும் எழுந்துவந்து, அலுக்காமல், கையை விமானமாக்கித் திருப்பிக்காட்டி விளக்கினார். சித்தப்பாவுக்கு லீவு கிடைத்தால் விஜயதசமிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அப்பா காத்திருந்தார்.

அதற்குள் ஆறு முப்பத்திரண்டு வந்துவிட்டது.

அப்பா அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னதை நான் வாசற்படியிலிருந்து கேட்டேன். அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு, "வாசல்ல கோலம் போட்டு விளக்கேத்தியாச்சு. வரவாள வராதேன்னு சொல்ல முடியாது. நீங்க பூத்துக்குப் போயி போன் போட்டுப் பாருங்கோ" என்றாள். என்னைப் பார்த்து, "அப்பாவோட போ. தனியா விடாதே" என்றாள்.

தெருமுனை எஸ்டிடி பூத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பாவும் நானும் நின்றோம். சித்தப்பாவின் மெஸ் எண்ணைச் சுழற்றினால் எங்கேஜ். மறுபடி எங்கேஜ். வெளியே பூத்காரர் தன் கல்லாவுக்கும் போனுக்கும் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்.

"இன்னா சார், லைன் கெடைக்கலியா? இன்னா மேட்டரு?"

அப்பா சொன்னார். 'தம்பி', 'ப்ளேன்' என்ற இரண்டு சொற்களைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

பூத்காரர் எழுந்து வந்தார். "நானும் ரேடியோல கேட்டேன் சார். எல்லா வூட்டுக்காரனும் இப்ப அதே நம்பருக்குத்தான் போட்டுக்கினு இருப்பான். நீ வூட்டுக்குப் போ சார், அம்மா தனியா கீது. நான் இங்க குந்திக்கினு அட்ச்சுக்கினே இருக்கேன். கெட்ச்சா நானே ஓடி வர்றேன்." பிறகு குனிந்து என்னிடம், "பாப்பா, நைனா கையப் புட்ச்சுக்க. ரோடு தாண்டறப்ப பாத்து" என்றார்.

நான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் கூடம் நிறைந்திருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள்; நான் தலையை ஆட்டினேன்; அவள் அடுத்த பொட்டலத்தை மடித்தாள். எதிர்வீட்டு மாமி ஒன்பதாம் நாளாக மேலே பார்த்து, ஒன்பதாம் நாளாகத் தன் நகைச்சுவையைச் சொன்னாள்.

"ஏன் மாமா, இன்னிக்காவது நேரா மாட்டப்படாதோ? உங்க தம்பிக்குத் தலை சுத்தாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. கையை விமானமாக்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை மீசையில் இல்லை, சீட்டின் தலைமாட்டில் இருந்த அந்தச் சிவப்பு வாலில் இருந்தது என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"குழந்தைய ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கோ" என்றாள் மாமி. பாடினேன். இரண்டாவது அடி மறந்துவிட்டது. முதல் அடியையே மூன்று முறை பாடிமுடித்தேன். அதற்கும் கை தட்டினார்கள்.

கடைசி ஆள் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். தொலைக்காட்சியிலும் அதே ஒரு வாக்கியம்தான், பெயர் இல்லை. அம்மா கொலுவுக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக் கைகூப்பினாள். கொஞ்ச நேரத்தில் கையை இறக்கிவிட்டாள்.

"ஏன்னா, வேண்டிக்க வரல்லே" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார்.

"நம்ம பிள்ளையா இருக்கப்படாதுன்னு வேண்டிண்டா, இன்னொருத்தாத்துப் பிள்ளையா இருக்கட்டும்னு வேண்டிண்ட மாதிரி. ஒம்போது ஆத்துலயும் இப்ப இதே மாதிரிதானே ஒக்காந்திண்டிருப்பா." அவள் குரல் அதுவரை உடையவில்லை, இப்போதும் உடையவில்லை. "யாரா இருந்தாலும் வெளிய வந்திருக்கணும். அத மட்டும்தான் கேக்க முடியும்."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "நான் ஊசிய எடுக்கல்லியே."

"என்ன?"

"அதுல. ஊசியோடயே மூடிட்டேன். ஆத்துல இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு."

வேறு யாராவது கேட்டிருந்தால், அது பொம்மை, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றிருப்பார்கள். அம்மா அப்படிச் சொல்லவில்லை. "எடுத்துடுங்கோ" என்றாள்.

"எப்படி எடுக்கறது?" அப்பா பூஜை மூலையைக் காட்டினார். அவருடைய இடுக்கி, பிளேடு, தூரிகைகள், என் புத்தகங்கள், வீணை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு பட்டுத்துணிக்கு அடியில் இருந்தன. மறுநாள் காலை புனர்பூஜை ஆகும்வரை அவற்றில் கை வைக்கக்கூடாது. அப்பா தன் வாழ்நாளில் சரஸ்வதி பூஜை அன்று செய்தித்தாள்கூடப் படித்தவரில்லை.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மடிசார் தடுக்கியது, அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து, ஜெட்டைக் கைக்குழந்தையைப்போல மார்போடு அணைத்து இறங்கினாள். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி மூடியின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். டக்கென்று ஒரு சத்தம். மூடி விரிசல் விட்டு உடைந்தது, அப்பா மயிரிழையாக வரைந்திருந்த அந்த வெள்ளைக் கோட்டை ஒட்டியே. மாதக்கணக்கில் செய்தது. அப்பா விளக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அம்மா தன் தாலிச் சரட்டில் எப்போதும் மாட்டியிருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். அதை விரித்து, முனையை உள்ளே விட்டாள்.

"இது ஒண்ணும் பூஜைல வச்சதில்லையே" என்றாள், யாரிடமோ.

இப்போது அவளுக்கு எழுபத்தெட்டு. ஊசியில் நூல் கோக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறாள். அன்று விளக்கு வெளிச்சத்தில், இத்தனை நாள் பொம்மை வேலை என்று கேலிசெய்தவள், எந்த டயலும் கீறாமல், எந்த பெல்ட்டும் அறாமல், தலைமாட்டு ஊசியை முதலில் எடுத்தாள். பிறகு முழங்கால் ஊசி. இரண்டையும் விரல் நுனியில் ஒட்டவைத்துத் தூக்கிக் காட்டினாள். மெக்கானிக்கிடம் காட்டவேண்டும் என்று அவளுக்கும் நினைவிருந்திருக்கிறது. ஸ்பூன் பாடத்தை அவளும் கேட்டிருக்கிறாள்.

அப்பா அவற்றைக் குங்குமச் சிமிழின் மூடியில் வாங்கிக்கொண்டார்.

"திரும்ப மாட்டிடட்டுமா?"

"வேண்டாம். எறங்கட்டும்" என்றாள் அம்மா. மணலில், கேழ்வரகு முளைகளுக்கு நடுவில், கறுப்பு அட்டையின்மேல் ஜெட்டை நேராக வைத்தாள்.

மறுநாள் காலை செய்தித்தாள் வராது. ஆயுத பூஜைக்கு அச்சகங்களுக்கு விடுமுறை என்பதால் விஜயதசமியன்று எப்போதுமே வராது, நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் அப்பா மூன்று முறை வாசலுக்குப் போய்ப் பார்த்தார். பூத்காரர் ஓடி வரவில்லை. புனர்பூஜை ஆயிற்று. விஜயதசமியன்று கட்டாயம் படிக்க வேண்டும் என்று அம்மா என் கையில் தமிழ்ப் புத்தகத்தைத் திணித்தாள். ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் காலடி கேட்டது. மூவரும் எழுந்தோம். எதிர்வீட்டு மாமி, முந்தின நாள் சுண்டல் வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். எங்கள் மூன்று முகங்களையும் பார்த்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறேள்?" என்றாள். அம்மா சொன்னாள். மாமி கிண்ணத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போகவில்லை. போகச்சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை.

உச்சிவேளையில் கீழே ஓர் ஆட்டோ நின்றது.

"சார், இன்னா, இதானே வூடு? கோலம் போட்டு கீது பாரு. எறங்கு" என்றது ஆட்டோக்காரரின் குரல்.

படியில் ஏறியது ஓர் ஆள்தான். இரண்டிரண்டு படியாக. எங்களுக்குத் தெரிந்த ஒரே ஒருவர்தான் அப்படி ஏறுவார்.

சித்தப்பா வாசலில் நின்றார். சட்டை கசங்கி, கண்கள் சிவந்து, சவரம் செய்யாத முகம். எங்களைப் பார்த்ததும், "கேட்டுட்டேளா?" என்றார்.

அப்பா போய் அவருடைய வலது கையைப் பிடித்தார். கட்டிக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். விட்டுவிட்டு, மறுபடி பிடித்து, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அல்லது அழுதாள்.

முந்தின நாளே ரயிலேறிவிட்டாராம். சாயங்காலம் பக்கத்துப் பெட்டியில் யாரோ டிரான்சிஸ்டரில் கேட்டுச் சொன்னார்களாம். மற்ற எட்டுப் பேரில் யார் என்று தெரியாமல் இரவு முழுக்க மேல் படுக்கையில் உட்கார்ந்தே வந்தாராம். சென்ட்ரலில் இறங்கியதிலிருந்து அங்கேயே ஒரு பூத்தில் நின்று, இப்போதுதான் மெஸ்ஸுக்கு லைன் கிடைத்ததாம்.

"யாருடா?" என்றார் அப்பா.

"எனக்கு எடது பக்கம் பறக்கறவன். கால் ஒடைஞ்சிருக்கு. முதுகுல அடி. ஆஸ்பத்திரில படுத்துண்டு டீ கேக்கறானாம்." சித்தப்பா மூச்சை இழுத்து விட்டார். "வெளிய வந்துட்டான் மன்னி."

அம்மா திரும்பிக் கொலுவைப் பார்த்துக் கைகூப்பினாள். இந்தத் தடவை சீக்கிரம் இறக்கவில்லை.

அப்போதுதான் சித்தப்பா மணலில் நிற்கும் ஜெட்டைப் பார்த்தார். பையை வைத்துவிட்டு அதன் முன்னால் குந்தினார். உடைந்த மூடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். டயல்களைப் பார்த்தார். வீணைத் தந்திக் குழாயைப் பார்த்தார். பின்சீட்டில் குறுக்கே கட்டியிருந்த பெல்ட்டுகளைச் சுண்டுவிரலால் தொட்டார். தன் மீசையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சீட்டின் தலைமாட்டில் வெறுமையாக இருந்த துளையையும், குங்குமச் சிமிழின் மூடியில் கிடந்த இரண்டு சிவப்பு வால்களையும், அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைச் சாயத்தையும், ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

பூஜை மூலையிலிருந்து இடுக்கியை எடுத்து, அதிலிருந்த சந்தனத்தைத் தன் சட்டையில் துடைத்து, அப்பாவிடம் நீட்டினார்.

"எறங்கியாச்சுண்ணா. இப்ப ஊசியப் போடு."